கொலைக்கதையில் கடவுளுக்கு என்ன வேலை?

1945-ஆம் ஆண்டு பியூனஸ் அயர்ஸில் எமேசே என்ற பதிப்பகம் துப்பறியும் நாவல்களுக்கென்றே ஒரு வரிசையைத் தொடங்கியது. நூல்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இரண்டு நண்பர்களுடையது: ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ், அடோல்ஃபோ பியோய் காஸாரெஸ். வரிசைக்கு அவர்கள் சூட்டிய பெயர் 'ஏழாம் வட்டம்'. தாந்தே வரைந்த நரகத்தில் ஏழாவது வட்டம் வன்முறையாளர்களுக்கு ஒதுக்கப்பட்டது. கொலைகாரர்கள் அங்கே கொதிக்கும் ரத்த ஆற்றில் கிடக்கிறார்கள். ரயிலில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுப் போகிற ரகப் புத்தகங்களுக்குத் தாந்தேயின் முத்திரை! விளையாட்டாகச் செய்த காரியம்போலத் தெரியும். பாதி விளையாட்டுதான். மற்றப் பாதியைப் பற்றியே இங்கே பேச்சு.

தமிழ் வாசகருக்குப் போர்ஹெஸ் என்றதும் நினைவுக்கு வருவது வேறு சங்கதிகள்: கண்ணாடிகள், புதிர்வழிகள், முடிவே இல்லாத நூலகம், பார்வை இழந்த பெரியவர். பிரம்மராஜன் முதலானோரின் மொழிபெயர்ப்பில், சிற்றிதழ்களின் வழியாக, கொஞ்சம் பயபக்தியோடுதான் அவர் இங்கே வந்துசேர்ந்தார். அந்தப் பயபக்தியில் ஒரு விஷயம் மறைந்துபோயிற்று. மனிதர் கொலைக்கதைப் பைத்தியம். 1942-இல் பியோயுடன் சேர்ந்து எச். புஸ்தோஸ் டொமெக் என்ற புனைபெயரில் அவர் எழுதிய நூலில் துப்பறிகிறவரே ஒரு சிறைக்கைதி. செய்யாத கொலைக்காக உள்ளே இருக்கும் அந்த முன்னாள் நாவிதர், 273-ஆம் எண் கொட்டடியை விட்டு நகராமல் வழக்குகளைத் தீர்க்கிறார். அடுத்த ஆண்டே உலகின் சிறந்த துப்பறியும் கதைகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். போர்ஹெஸின் கதை ஆங்கிலத்தில் முதன்முதலில் வெளியானதும் தீவிர இலக்கிய ஏட்டில் இல்லை. 1948 ஆகஸ்டு மாத 'எல்லரி குவீன் மிஸ்டரி மேகஸின்' இதழில்.

இந்த ஆசைக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனையில் ஜி. கே. செஸ்டர்டன். கத்தோலிக்கராக மதம் மாறியவர், துப்பறியும் பாதிரியார் ஒருவரைப் படைத்தவர். மறுமுனையில் எச். பி. லவ்கிராஃப்ட். கடவுள் இல்லை என்பதில் உறுதியாக இருந்துகொண்டே பிரபஞ்சத்தை அரக்கர்களால் நிரப்பிய அமெரிக்கர். முதல்வரைப் போர்ஹெஸ் கடைசிவரை கொண்டாடினார். இரண்டாமவரைக் கிண்டல் செய்தார், ஆனால் விடவும் முடியவில்லை. போர்ஹெஸோ இரண்டு கட்சியிலும் சேராதவர். தாய் கத்தோலிக்கர், ஆங்கிலேயப் பாட்டி பைபிளில் கரை கண்டவர், தந்தை மதம் எதையும் ஏற்காதவர், சதுரங்கப் பலகையை வைத்துக்கொண்டு ஸீனோவின் புதிர்களைச் சின்னப் பையனுக்கு விளக்கியவர். இந்த வீட்டில் வளர்ந்தவர் 'தெரியாது' என்பதையே நிலைப்பாடாகக் கொண்டதில் வியப்பில்லை.

கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்குப் பாதிரியார் கதைகளில் என்ன கிடைத்தது? கேள்வியை இப்படி வைத்தால் இலக்கிய ரசனை பற்றிய கேள்விபோல இருக்கும். உள்ளே இருப்பது பழைய கேள்வி: உலகில் கொடுமை நடக்கிறதே, அதற்கு ஒரு விளக்கம் இருக்கிறதா, இல்லையா? துப்பறியும் கதை இருக்கிறது என்கிறது. முதல் பக்கத்தில் பிணம், கடைசிப் பக்கத்தில் காரணம். அந்த ஏற்பாட்டை நம்பித்தான் வாசகன் புத்தகத்தைத் திறக்கிறான். இருண்ட மாயக்கதை அந்த ஏற்பாட்டையே கிழித்துப்போடுகிறது.

செஸ்டர்டனுக்கு அந்தப் பாதிரியார் கிடைத்த விதத்தை அவரே சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். யார்க்‌ஷயரில் ஜான் ஓ'கானர் என்ற கத்தோலிக்கப் பாதிரியாரோடு பழக்கம் ஏற்பட்டது. ஒருநாள் நடந்துகொண்டே பேசும்போது, சில குற்றங்களையும் வக்கிரங்களையும் பற்றிச் செஸ்டர்டன் ஒரு கருத்தைச் சொல்ல, ஓ'கானர் சாவகாசமாக அதைத் திருத்தினார். பாதிரியாருக்குத் தெரிந்திருந்த விஷயங்களைக் கேட்டுச் செஸ்டர்டன் ஆடிப்போனார். வீடு திரும்பியதும் அங்கே இருந்த இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஓ'கானரோடு இசையைப் பற்றியும் கட்டடக்கலை பற்றியும் பேசினார்கள். அவர் எழுந்து போனபின், மனிதர் நல்லவர்தான், ஆனால் மடத்துச் சுவருக்குள் அடைந்து கிடப்பவர்களுக்கு வெளியுலகத்தின் தீமை எங்கே தெரியப்போகிறது என்று இரக்கப்பட்டார்கள். செஸ்டர்டனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் தினமும் உட்காருகிறவருக்குத் தெரியாத தீமையா? அந்தச் சிரிப்பிலிருந்து பிறந்தவர் ஃபாதர் பிரவுன். பிற்பாடு 1922-இல் செஸ்டர்டனைக் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்த்துக்கொண்டவரும் அதே ஓ'கானர்தான்.

முதல் கதை 'நீலச் சிலுவை', 1910. குட்டையான, முகத்தில் களையில்லாத, குடையைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத ஒரு கிராமத்துப் பாதிரியார், நீலக்கல் பதித்த வெள்ளிச் சிலுவையைப் பழுப்புக் காகிதத்தில் பொட்டலம் கட்டி லண்டனுக்கு எடுத்து வருகிறார். அதைத் திருட ஃபிளாம்போ என்ற மகா திருடன் தானும் பாதிரியார் வேடத்தில் கூடவே வருகிறான். பாரீஸ் போலீஸ் தலைவர் வாலன்தேன் ஃபிளாம்போவைத் தேடிக்கொண்டு ஓர் உணவகத்தில் காப்பி குடிக்கிறார். சர்க்கரைக் கிண்ணத்தில் உப்பு இருக்கிறது. உப்புக் குடுவையில் சர்க்கரை. விசாரித்தால், இரண்டு பாதிரியார்கள் வந்தார்கள், குட்டையானவர் போகும்போது சூப்பைச் சுவரில் வீசிவிட்டுப் போனார் என்கிறார் பரிசாரகர். அடுத்த தெருவில் பழக்கடையின் விலைச் சீட்டுகள் இடம் மாறியிருக்கின்றன. இன்னொரு இடத்தில் ஜன்னல் உடைந்திருக்கிறது, அதற்கான பணம் முன்கூட்டியே கட்டப்பட்டிருக்கிறது. போலீஸ் பின்தொடர வேண்டும் என்பதற்காகவே பாதிரியார் வழியெல்லாம் அற்ப அலங்கோலங்களைச் செய்துகொண்டே போயிருக்கிறார்.

கடைசியில் ஹாம்ஸ்டெட் புல்வெளிப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து வேதாந்தம் பேசுகிறார்கள். நட்சத்திர மண்டலங்களுக்கு அப்பால் நம் பகுத்தறிவு செல்லாமல் போகலாம் இல்லையா என்று ஃபிளாம்போ பக்திமானாகக் கேட்கிறான். இல்லை, எங்கே போனாலும் நியாயம் நியாயம்தான் என்கிறார் பிரவுன். மாட்டிக்கொண்ட பிறகு, நான் பாதிரியார் இல்லை என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அவன் கேட்டால் வருகிற பதில்: நீ பகுத்தறிவைத் தாக்கினாய், அது மட்டமான இறையியல்.

மதவாதி பகுத்தறிவுக்கு வக்காலத்து வாங்குகிறார்; திருடன் மறைஞானம் பேசுகிறான். இந்தத் தலைகீழ் ஏற்பாடு கதைக்கு வெளியேயும் நடந்தது. பகுத்தறிவின் அவதாரமான ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில், 1922-இல் காட்டிங்லி சிறுமிகள் எடுத்த தேவதைப் புகைப்படங்கள் உண்மையென்று வாதாடி ஒரு புத்தகமே போட்டார். (அவை அட்டையில் வெட்டி ஒட்டியவை என்று அந்தச் சிறுமிகள் பாட்டிகளான பிறகு, 1980-களில் ஒப்புக்கொண்டார்கள்.) அதே காலத்தில் செஸ்டர்டன் எழுதிய ஒரு கதையில், கடலோரத்தில் ஊளையிட்ட நாயை எல்லோரும் தீர்க்கதரிசியாக்கப் பார்க்கிறார்கள், நாயை நாயாக விடுங்கள் என்று சொல்லும் ஒரே ஆள் பாதிரியார். துப்பறியும் கதைக்குப் 'பத்துக் கட்டளைகள்' எழுதிய ரொனால்ட் நாக்ஸும் கத்தோலிக்கப் பாதிரியார்தான், பைபிளைத் தனியொருவராக ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அவருடைய 1929-ஆம் ஆண்டுப் பட்டியலில் இரண்டாவது கட்டளை, அமானுஷ்ய சக்திகளுக்குக் கதையில் இடமே கிடையாது என்பது. அற்புதங்களை நம்புகிறவர்கள்தான் அற்புதம் எது, பித்தலாட்டம் எது என்பதில் கறாராக இருக்கிறார்கள்.

ஆனால் பகுத்தறிவு மட்டும்தான் சரக்கு என்றால் ஃபாதர் பிரவுன் இன்னொரு கெட்டிக்காரத் துப்பறிவாளர், அவ்வளவே. அவர் வேறு ஆள் என்பது 'கடவுளின் சுத்தியல்' கதையில் தெரியும். முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. படிக்காதவர்கள் மன்னிக்க வேண்டும்.

ஒரு கிராமத்தில் கர்னல் போகன் என்ற உல்லாசி, காலையில் கருமான் பட்டறைக்கு வெளியே மண்டை சிதறிக் கிடக்கிறான். பக்கத்தில் கையடக்கமான சின்னச் சுத்தியல். அடியோ ராட்சதன் அடித்ததுபோல இருக்கிறது. வானத்திலிருந்து கடவுளே தண்டித்துவிட்டார் என்கிறான், கர்னலால் மானம் இழந்த கருமான். கர்னலின் தம்பி வில்ஃப்ரெட் அந்த ஊர்க் கோயிலின் உதவிப் போதகர். சதா பிரார்த்தனையில் இருப்பவர். ஃபாதர் பிரவுன் அவரைக் கோயில் கோபுரத்தின் மேல் அழைத்துப் போகிறார். அங்கிருந்து பார்த்தால் கீழே ஆட்கள் பூச்சிகளாக ஊர்கிறார்கள். உயரமான இடத்தில் நின்று பிரார்த்திப்பது ஆபத்து, அங்கே நிற்கிறவனுக்குத் தானே தீர்ப்பு வழங்குகிறவன் என்ற எண்ணம் வந்துவிடும் என்கிறார் பிரவுன். சுத்தியலைக் கை நழுவவிட்டால் போதும், மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். கருமான் சொன்னது ஏறக்குறைய சரி: அடி மேலிருந்துதான் வந்தது. தன்னைக் கடவுள் இருக்கும் உயரத்தில் வைத்துக்கொண்ட ஒரு பக்தனிடமிருந்து வந்தது.

அந்த இடத்தில் வில்ஃப்ரெட் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குதிக்கப் போகிறார். பிரவுன் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்கிறார். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும், நீ பிசாசா என்கிறார் வில்ஃப்ரெட். நான் மனிதன், ஆகவே எல்லாப் பிசாசுகளும் என் நெஞ்சிலும் இருக்கின்றன என்கிற பொருளில் பாதிரியார் பதில் சொல்கிறார். போலீசில் காட்டிக்கொடுக்கவில்லை. முடிவை வில்ஃப்ரெட்டிடமே விட்டுவிடுகிறார். அவர் கீழே இறங்கி, நேராக இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சரணடைகிறார்.

1927-இல் வந்த தொகுப்பில் இந்த முறைக்கு விளக்கமே கிடைக்கிறது. உங்கள் ரகசியம் என்ன என்று ஓர் அமெரிக்கர் துருவித் துருவிக் கேட்க, அத்தனை பேரையும் கொன்றது நான்தான் என்கிறார் ஃபாதர் பிரவுன். கேட்டவர் வெலவெலத்துப் போகிறார். கொலைகாரனை வெளியிலிருந்து பூச்சியைப்போல ஆராயாமல், அவன் மனநிலைக்குள் இறங்கி, கொலை செய்வதைத் தவிர மற்றெல்லாம் தானும் அவனாகவே ஆகும்வரை உட்கார்ந்திருப்பது. அது தமக்கு ஒரு மதப் பயிற்சி என்கிறார். ஹோம்ஸின் சந்தேகப் பட்டியலில் ஹோம்ஸ் பெயர் இருந்ததே இல்லை. பிரவுன் தன் பெயரை முதலில் எழுதிக்கொண்டு ஆரம்பிக்கிறார். துப்பறியும் இலக்கியம் சமய சிந்தனைக்குக் கொடுத்த கொடை ஒன்று உண்டென்றால் அது இதுதான். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பயிற்சியை எல்லா மனிதர்களுக்கும் பாதிரியார் விரித்தாரா என்றால், இல்லை. 'தவறான வடிவம்' என்ற கதையில் கீழைத்தேயப் பித்துப் பிடித்த ஒரு கவிஞர் வீட்டில் இந்தியச் சாமியார் ஒருவர் தங்கியிருக்கிறார். அங்கே கிடக்கும் வளைந்த கத்தியைப் பார்த்ததுமே அதன் வடிவமே தப்பு, தீயது என்கிறார் பிரவுன். கீழைநாட்டுக் கம்பளங்களின் கோலங்களும் அவருக்குத் தீமையாகவே தெரிகின்றன. கொலைகாரர் இந்தியர் இல்லை, ஆங்கிலேய டாக்டர் என்று கதை முடிவது உண்மை. ஆனால் கம்பளத்துக்குக் கடைசிவரை மன்னிப்பு இல்லை. வேறு சில கதைகளில் கறுப்பர்களையும் யூதர்களையும் பற்றி வருவதை இன்று படிக்கவே கூசும்.

போர்ஹெஸ் செஸ்டர்டனைப் படித்த விதம் செஸ்டர்டன் சங்கத்தாருக்கு உவப்பாக இருந்திருக்காது. 1952-இல் வந்த கட்டுரைத் தொகுப்பில் அவர் முன்வைக்கும் வாதம் இது: ஒவ்வொரு ஃபாதர் பிரவுன் கதையும் முதலில் ஒரு பேய்த்தனமான விளக்கத்தை நம் முன் வைக்கிறது, பிறகு அதை இவ்வுலக விளக்கத்தால் அழிக்கிறது. வெறும் கதைத் தந்திரம்போலத் தெரியும் இந்த அசைவுதான் செஸ்டர்டனின் அந்தரங்கம். அவர் எட்கர் ஆலன் போவாகவோ காஃப்காவாகவோ ஆகிவிடாமல் தம்மைத் தடுத்துக்கொண்டவர். ஆனால் அவர் பிசைந்து செய்யப்பட்ட களிமண்ணில் ஒரு பகுதி கெட்ட கனவின் பக்கமே சாய்ந்தது. ஸ்லேடு ஓவியப் பள்ளியில் மாணவராக இருந்த நாட்களில் தம் மனம் இருண்டு கிடந்ததையும் ஆவி எழுதும் பலகையோடு விளையாடியதையும் செஸ்டர்டனே பதிவு செய்திருக்கிறார். 1908-இல் எழுதிய 'வியாழன் என்றொரு மனிதன்' நாவலுக்கு அவர் கொடுத்த துணைத்தலைப்பே 'ஒரு கெட்ட கனவு'. ஆக, பாதிரியாரின் தெளிவு பிறவித் தெளிவு இல்லை. பயந்தவன் இறுகப் பிடித்துக்கொண்ட கம்பி. போர்ஹெஸுக்குப் பிடித்தது கம்பியைவிட அந்தப் பிடி.

அவர் எழுதிய பதில் கதைதான் 'மரணமும் திசைகாட்டியும்', 1942. ஒரு ஹோட்டல் அறையில் யூத ரபி ஒருவர் குத்திக் கொல்லப்படுகிறார். எதிர் அறையில் விலைமதிப்பற்ற நீலக்கற்கள் உண்டு. திருட வந்தவன் அறை மாறி நுழைந்திருப்பான் என்கிறார் கமிஷனர் ட்ரெவிரானுஸ். துப்பறிவாளர் லோன்ரோட்டுக்கு அது சுவைக்கவில்லை. செத்தது ரபி, ஆகவே விளக்கமும் ரபித்தனமாக இருக்கவேண்டும் என்கிறார். தட்டச்சு இயந்திரத்தில் ஒரு வாக்கியம் கிடக்கிறது: திருப்பெயரின் முதல் எழுத்து உச்சரிக்கப்பட்டுவிட்டது என்று. லோன்ரோட் கொலையை விட்டுவிட்டுக் கடவுளின் பெயர்களைப் பற்றிய புத்தகங்களில் மூழ்குகிறார். ஒரு மாதம் கழித்து இரண்டாம் கொலை, அடுத்த மாதம் மூன்றாவது. வரைபடத்தில் சமபக்க முக்கோணம் தெரிகிறது. யூதர்களின் கடவுள் பெயருக்கு நான்கு எழுத்து. ஆகவே நான்காவது புள்ளி ஒன்று இருந்தே தீரும். திசைகாட்டியை வைத்துக் கணக்குப் போட்டு, நகரத்துக்குத் தெற்கே கைவிடப்பட்ட பங்களாவுக்குத் தன்னந்தனியாகப் போய்ச் சேர்கிறார். அங்கே அவருக்காகத் துப்பாக்கியோடு காத்திருக்கிறான் ஷார்லாக் என்ற தாதா. தன் தம்பியைச் சிறைக்கு அனுப்பிய பகை அவனுக்கு.

முதல் கொலை கமிஷனர் சொன்னபடியே அறை மாறி நடந்த அசம்பாவிதம். துப்பறிவாளர் திருப்பெயரை ஆராய்கிறார் என்று பத்திரிகையில் படித்த பிறகுதான் மற்றதையெல்லாம் ஷார்லாக் ஜோடித்தான். மூன்றாவது கொலை நடக்கவே இல்லை, அது நாடகம். உலகில் ஓர் ஒழுங்கு ஒளிந்திருக்கிறது என்று நம்பியவருக்கு ஒழுங்கு கிடைத்தது. அதைச் செய்து வைத்தவன் கடவுள் இல்லை, எதிரி.

ஃபாதர் பிரவுனும் லோன்ரோட்டும் செய்வது ஒரே வேலைதான், சிதறிக் கிடக்கும் அடையாளங்களைக் கோத்துப் படிப்பது. மதவாதி உலகத்தைப் படிப்பதும் இப்படித்தான். பிரவுன் பிழைக்கிறார், லோன்ரோட் சாகிறார். வித்தியாசம் பக்தியில் இல்லை. பிரவுனுக்கு மனிதர்கள்மேல் கண் இருக்கிறது; லோன்ரோட்டுக்குக் கோலத்தின்மேல். ஹோட்டலில் செத்துக் கிடந்த கிழவர் யார், என்ன ஆளாக இருந்தார் என்று லோன்ரோட் ஒருமுறைகூடக் கேட்பதில்லை. அந்த அலட்சியத்துக்கு இறையியல் என்று பெயர் சூட்டிக்கொண்டதுதான் அவர் குற்றம். நாத்திகர்கள் எழுதிய மதவிமர்சனங்களில்கூட இவ்வளவு கூர்மையானது அரிது. அதில் கேலியும் இல்லை.

லவ்கிராஃப்டிடம் வந்தால் கதை வேறு. ரோட் தீவின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்து, அங்கேயே 1937-இல் நாற்பத்தாறு வயதில் வறுமையில் செத்தவர். மனித சட்டங்களுக்கும் ஆசாபாசங்களுக்கும் இந்தப் பெரும் பிரபஞ்சத்தில் எந்த மதிப்பும் இல்லை என்பதே தம் கதைகள் அத்தனைக்கும் அடிப்படை என்று 'வியர்ட் டேல்ஸ்' ஆசிரியருக்கு 1927-இல் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு அதே பத்திரிகையில் வந்த 'கதூல்ஹுவின் அழைப்பு' கதையைக் கூர்ந்து பார்த்தால் அது சாட்சாத் துப்பறியும் கதை. செத்துப்போன பெரிய தாத்தாவின் பெட்டியில் ஒரு களிமண் சிற்பம். நியூ ஆர்லியன்ஸ் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவரின் வாக்குமூலம். ஆஸ்திரேலியச் செய்தித்தாளின் நறுக்கு. நார்வே மாலுமியின் கையெழுத்துப் பிரதி. கதைசொல்லி ஒவ்வொன்றாகக் கோக்கிறான். கோத்து முடித்ததும் நிம்மதி வரவில்லை. கடலடியில் தூங்கும் ஒன்று, நம்மை வெறுக்கக்கூட நேரமில்லாத ஒன்று, என்றைக்காவது எழுந்துவரும் என்பது தெரிகிறது. இதை வேறு யாரும் கோத்துப் பார்த்துவிடக்கூடாதே என்பதுதான் அவனுடைய கடைசி வேண்டுதல்.

செஸ்டர்டனிடம் தீமை உள்ளே இருக்கிறது. லவ்கிராஃப்டிடம் அது முழுக்க வெளியே, தீமை என்ற பெயர்கூட அதற்குப் பொருந்தாது. இந்த 'வெளியே' என்ற பயத்துக்கு அழுக்கான மறுபக்கமும் உண்டு. நியூயார்க்கில் குடியேறிகளைக் கண்டு அவர் அருவருத்தது 'ரெட் ஹூக்கின் பயங்கரம்' கதையில் ஒளிவுமறைவின்றி இருக்கிறது. உலக மிகுபுனைவு விருதாக வழங்கப்பட்டுவந்த அவருடைய தலைச்சிற்பத்தை 2015-இல் கைவிட்டார்கள். தன் பெயரையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்கத் தெரியாத கற்பனை எங்கே போய் நிற்கும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

போவை அறியாமல் கேலிச்சித்திரமாக்கியவர் என்று லவ்கிராஃப்டைச் சொன்ன போர்ஹெஸ், 1975-இல் அவர் நினைவுக்கே ஒரு கதையைச் சமர்ப்பித்தார். விதி தம்மை விடவில்லை, எழுதித் தொலைத்தேன் என்கிற தோரணையில் பின்னுரையில் அலுத்துக்கொண்டார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும் இளைஞன், மாமா இறந்த செய்தி கேட்டு ஊர் திரும்புகிறான். சதுரங்கப் பலகையில் தத்துவம் சொல்லிக்கொடுத்த மாமா அவர்; போர்ஹெஸின் தந்தையை அடையாளம் காண்பது கடினமில்லை. அவருடைய வீட்டை வாங்கியவன் சாமான்களையெல்லாம் வெளியே எறிந்துவிட்டு, மனித உடம்புக்குப் பொருந்தாத தளவாடங்களைச் செய்து போட்டிருக்கிறான். ஒரு மழை இரவில் உள்ளே நுழைந்த இளைஞன் திரும்ப இறங்கும்போது, ஏதோ ஒன்று மெதுவாக ஏறி வருகிறது. பயத்தைவிட ஆர்வம் பெரிதாக, அவன் கண்ணை மூடவில்லை. கதை அங்கே நின்றுவிடுகிறது. நேர்மையாகச் சொன்னால் போர்ஹெஸின் இரண்டாந்தரக் கதை இது. லவ்கிராஃப்ட் நாற்பது பக்கத்தில் மூச்சுமுட்டவைப்பதை இவர் நாற்காலியின் வடிவத்தை வைத்தே சாதிக்கப் பார்க்கிறார், பாதிதான் முடிகிறது. ஆனால் அந்தக் கண் மூடாத ஆர்வம் லவ்கிராஃப்டிடம் இல்லாத சங்கதி. அவருடைய பாத்திரங்கள் மயங்கி விழுவார்கள், பைத்தியமாவார்கள்.

இந்த வகைக் கதைகளுக்கு ஏன் அடிமையாகிறோம் என்பதற்கு மற்றவர்களும் பதில் சொல்லியிருக்கிறார்கள். 1940-களில் கிறிஸ்தவத்துக்குத் திரும்பிய கவிஞர் டபிள்யூ. எச். ஆடன், துப்பறியும் நாவல் தனக்குப் புகையிலை, மதுபோன்ற போதை என்று 1948-இல் ஒரு கட்டுரையில் ஒப்புக்கொண்டார். இவற்றின் வாசகன் பாவ உணர்வால் அரிக்கப்படுகிறவன். குற்றவாளி வேறொருவன் என்று கடைசிப் பக்கம் சொல்லும்போது கொஞ்ச நேரம் ஏதேன் தோட்டத்துக்குத் திரும்பிய சுகம் கிடைக்கிறது என்பது அவர் கட்சி. முசோலினியின் சிறையில் கிடந்த கம்யூனிஸ்ட் கிராம்ஷியோ, 1930-இல் எழுதிய கடிதத்தில் ஃபாதர் பிரவுனை ஹோம்ஸுக்கு மேலே தூக்கி வைத்தார். இவர்களோடு பார்த்தால் போர்ஹெஸ் 1978-இல் ஓர் உரையில் சொன்ன காரணம் சாதாரணமாகத் தெரியும்: குழப்பம் மலிந்த காலத்தில் துப்பறியும் கதை ஒன்றுதான் ஓர் ஒழுங்கைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

அவர் அப்படிப் பேசிய ஆண்டில் அவர் நாடான அர்ஜென்டினாவில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1976-இல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் ஆயிரக்கணக்கானவர்களைக் காணாமல் அடித்துக்கொண்டிருந்தது. பிணமே இல்லாத கொலைகள். அந்தத் தொடக்க நாட்களில் ராணுவ ஆட்சியின் தலைவரான தளபதி விடேலாவோடு மதிய உணவு உண்டு, அவரைப் பாராட்டிவிட்டு வந்தவர் போர்ஹெஸ். கற்பனைக் கொலைகளில் அத்தனை நுட்பமாகத் தீமையைப் படித்தவர் பக்கத்துத் தெருவில் அதைப் படிக்கத் தவறினார். லோன்ரோட்டின் அலட்சியம் அவரிடமும் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. 1980-இல் காணாமல் போனவர்களுக்கான கோரிக்கையில் கையெழுத்திட்டது, தாமதமாக என்றாலும், அந்தத் தவற்றிலிருந்து வெளியே வந்ததன் அடையாளம்.

1985 ஜூலை 22. ராணுவத் தளபதிகள்மீதான விசாரணை பியூனஸ் அயர்ஸில் நடந்துகொண்டிருக்கிறது. எண்பத்தைந்து வயதுப் போர்ஹெஸ் அன்று நீதிமன்றத்தில் வந்து உட்கார்ந்தார். சுமார் நான்கு ஆண்டுகள் சிறையிலும் சித்திரவதையிலும் கழித்த ஒருவர் சாட்சி சொன்னார். போர்ஹெஸை உலுக்கியது மின்சாரக் கம்பியைப் பற்றிய பகுதி இல்லை. ஒரு கிறிஸ்துமஸ் முன்னிரவில் கைதிகளை ஓர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். விரிப்பு விரித்த நீண்ட மேசை, நல்ல தட்டுகள், சாப்பாடு. அன்றும் வதைத்தார்கள், மறுநாளும் வதைப்பார்கள். நடுவில் விருந்து. நரகத்தை வருணித்த யாருடைய கற்பனையும் இந்த விரிப்பை எட்டவில்லை. இதைச் செய்தவர்கள் கடலடி அரக்கர்களும் இல்லை, கோலம் போடும் ஷார்லாக்கும் இல்லை. வேலை நேரம் பார்த்து வந்துபோன மனிதர்கள்.

அன்றைய அனுபவத்தைப் போர்ஹெஸ் ஒரு சிறு கட்டுரையாக எழுதினார். மனிதனுக்குச் சுயேச்சை உண்டென்று தாம் நம்பவில்லை, தண்டனையிலும் வெகுமதியிலும், நரகத்திலும் சொர்க்கத்திலும் நம்பிக்கையில்லை என்று மீண்டும் சொல்கிறார். சொல்லிவிட்டு, ஆனாலும் இந்தக் குற்றத்தை விசாரிக்காமலும் கண்டிக்காமலும் விட்டால் நாமும் அதற்கு உடந்தையாகிவிடுவோம் என்கிறார். தத்துவமாகப் பார்த்தால் இரண்டும் ஒட்டாது. சுயேச்சை இல்லாதவனை எப்படிக் குற்றவாளி என்பது? ஒட்டாது என்று தெரிந்தேதான் எழுதினார். உடந்தை என்று தன்னையும் சேர்த்துக்கொண்ட அந்த இடத்தில், வாழ்நாள் முழுவதும் படித்த பாதிரியாரின் முறை அவருக்குக் கைகொடுத்திருக்கிறது.

தீர்ப்பு அந்த ஆண்டு டிசம்பர் 9 அன்று வந்தது. குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது தளபதிகளில் விடேலாவுக்கும் கடற்படைத் தளபதி மஸ்ஸேராவுக்கும் ஆயுள் தண்டனை, மேலும் மூவருக்குச் சிறை. நான்கு பேர் விடுதலையானார்கள்.